முடிவு தெரியாமல் எடுத்த படம்

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு நடந்துபோகிற தூரத்தில், பிராட்டில் என்றொரு சின்ன தியேட்டர் இருக்கிறது. 1957 ஏப்ரலில் அங்கே பழைய படங்களை வரிசையாகப் போட்டார்கள். அவற்றில் ஒன்று பதினைந்து வருஷத்துக்கு முந்தைய யுத்தகாலப் படம். அதன் கதாநாயகன் ஹம்ஃப்ரி போகார்ட் அந்த ஜனவரியில்தான் இறந்திருந்தார். படத்துக்குக் கூட்டம் அள்ளியது. மறுபடி போட்டார்கள், மறுபடி அள்ளியது. நாளடைவில் தேர்வு வாரம் வந்தால் அந்தப் படத்தைப் போடுவது பிராட்டிலின் சம்பிரதாயமே ஆகிவிட்டது. நடிகர் வாயைத் திறக்குமுன் மாணவர்கள் வசனத்தைச் சொல்லி முடித்தார்கள். பிரெஞ்சு தேசிய கீதம் வரும் இடத்தில் கூடவே பாடினார்கள். வசனத்தை முந்திக்கொண்டு சொல்லும் ரசிகர்கள் மதுரைக்குப் புதிதில்லை. ஹார்வர்டுக்குப் புதிது.

படத்தின் பெயர் ‘காசாபிளாங்கா’.

அந்த மாணவர்களுக்கு அப்போது சாப்பாட்டுக்கோ சம்பளத்துக்கோ பஞ்சமில்லை. காற்றில்தான் ஏதோ கெட்டிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி பாஸ்டனுக்கே வந்து விசாரணை நடத்தினார். ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் வெண்டல் ஃபரியை உட்காரவைத்து, உன்னோடு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர்கள் யார் யார், பெயரைச் சொல் என்று குடைந்தார். ஃபரி தன்னைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அடுத்தவர் பெயரைச் சொல்ல மறுத்தார். அதற்காக அவர்மேல் போடப்பட்ட வழக்கு 1956 வரை இழுத்தது. ஆக, அந்த வளாகத்துப் பிள்ளைகளுக்கு, காட்டிக்கொடுக்கச் சொல்லும் அதிகாரியும் வாயைத் திறக்காத மனிதனும் சினிமாவில் மட்டும் வருகிற ஆட்கள் அல்லர்.

அரசியல் கெட்டுக்கிடக்கும்போது பழைய யுத்தப் படங்களில் ஆறுதல் தேடுவதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. அங்கே நல்லவன் யார், கெட்டவன் யார் என்பதில் குழப்பம் இல்லை. யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்பதும் நமக்கு முன்கூட்டியே தெரியும். இன்றைய தலைவலிக்கு அதுவே மருந்து என்பார்கள். பல படங்களுக்கு இது பொருந்தும். ‘காசாபிளாங்கா’வுக்குப் பொருந்தவில்லை. யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாதவர்கள், தோற்றுவிடுவோமோ என்று நிஜமாகவே பயந்துகொண்டிருந்தவர்கள் எடுத்த படம் அது. ஆறுதல் அந்தப் பயத்திலிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அது பிறந்த விதத்தைப் பார்த்தால் விளங்கும். இத்தனைக்கும் படத்தில் போர்க்களமே கிடையாது. பாரிஸ் நினைவில் வரும் காட்சியில் தூரத்தில் பீரங்கிச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். மற்றபடி ஒரு மதுக்கடை, ஒரு சூதாட்ட மேஜை, ஒரு பியானோ, கடைசியில் பனிமூட்டத்தில் ஒரு விமானநிலையம்.

விதை விழுந்தது 1938 கோடையில். முரே பர்னெட் என்பவர் நியூயார்க்கில் பள்ளிக்கூட ஆங்கில வாத்தியார். அந்த மார்ச்சில்தான் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியிருந்தார். அங்கிருந்த யூத உறவினர்களுக்கு உதவப் பர்னெட்டும் மனைவியும் வியன்னா போனார்கள். பணத்தையும் நகையையும் கையோடு கொண்டுபோக யூதர்களுக்கு அனுமதியில்லாத நேரம். அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பதிதான் எதையாவது வெளியே கொண்டுவர முடியும். வியன்னாவில் கண்டதெல்லாம் பர்னெட்டை உலுக்கிவிட்டது. திரும்பும் வழியில் பிரான்சின் தென்கரையில் ஓர் இரவு விடுதிக்குப் போனார்கள். கறுப்பின இசைக்கலைஞர் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பலநாட்டுக் கூட்டம், அதில் அகதிகளும் உண்டு. இது நாடகத்துக்கு ஏற்ற இடமாயிற்றே என்று வாத்தியார் மனைவியிடம் சொன்னாராம். அந்த விடுதியின் பெயர் ‘லா பெல் ஓரோர்’. பிற்பாடு படத்தில் பாரிஸில் காதலர்கள் கடைசியாகச் சந்திக்கும் கடைக்கும் அதே பெயர்தான்.

1940 கோடையில், பாரிஸ் விழுந்த பிறகு, ஜோன் ஆலிசன் என்ற பெண்மணியோடு சேர்ந்து அவர் நாடகத்தை எழுதினார். ‘எல்லோரும் ரிக்கின் கடைக்கு வருகிறார்கள்’ என்ற பொருளில் தலைப்பு. பிராட்வேயில் யாரும் மேடையேற்றவில்லை. கையெழுத்துப் பிரதி சுற்றிச் சுற்றி, கடைசியில் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவில் கதை படித்துக் குறிப்பு எழுதும் ஊழியரின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தேதி 1941 டிசம்பர் 8. அதற்கு முந்தைய நாள்தான் பேர்ல் ஹார்பரில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்திருந்தன. படித்தவர், அறிவாளித்தனம் பூசிய மசாலா, ஆனால் ஓடும் என்ற தொனியில் எழுதிவைத்தார். தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் 20,000 டாலருக்கு வாங்கினார். மேடையே ஏறாத நாடகத்துக்கு அது பெரிய விலை. ‘அல்ஜியர்ஸ்’ என்று ஊர்ப்பெயர் வைத்த படம் சில வருஷம் முன்பு நன்றாக ஓடியிருந்ததால், இதற்கும் ஊர்ப்பெயரே வைத்தார்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பிரான்ஸ் தோற்றபின் ஜெர்மானியருக்குத் தலையாட்டும் விஷி அரசின் ஆளுகையில் இருக்கிறது மொராக்கோ. அமெரிக்கா போகத் துடிக்கும் அகதிகள் காசாபிளாங்காவில் வந்து தேங்கிக் கிடக்கிறார்கள். அங்கே ரிக் என்ற அமெரிக்கன் மதுக்கடை வைத்திருக்கிறான். எத்தியோப்பியாவுக்கு ஆயுதம் கடத்தியவன், ஸ்பெயினில் பாசிஸ்டுகளை எதிர்த்துச் சண்டை போட்டவன். இப்போது எவனுக்காகவும் கழுத்தை நீட்டமாட்டேன் என்று வீம்பாக இருக்கிறான். அவனை ஒருகாலத்தில் விட்டுப்போன காதலி இல்சா, நாஜி முகாமிலிருந்து தப்பிய போராளிக் கணவன் லாஸ்லோவோடு கடைக்குள் நுழைகிறாள். ரிக் கையெழுத்திடும் ஒரு காகிதத்தில் தேதி தெரியும்: 1941 டிசம்பர் 2. இன்னும் ஐந்தே நாளில் அமெரிக்காவின் வீம்பும் முடிவுக்கு வரும். படம் பார்க்க வந்தவர்களுக்கு அது தெரியும், ரிக்குக்குத் தெரியாது.

கதையில் எல்லோரும் அடித்துக்கொள்வது இரண்டு பயணக் கடிதங்களுக்காக. வைத்திருப்பவர் யாராயிருந்தாலும் கேள்வி கேட்காமல் விட்டுவிட வேண்டுமாம். அப்படியொரு கடிதம் உலகத்தில் எங்கும் இருந்ததில்லை, முழுக்க நாடகாசிரியர்களின் கற்பனை. உண்மை நிலவரம் எப்படி என்றால், பிரான்சை விட்டு வெளியேற ஓர் அனுமதி வேண்டும். ஸ்பெயினைக் கடக்க ஒரு விசா, போர்ச்சுகலைக் கடக்க இன்னொரு விசா. கடைசியில் போய்ச்சேரும் நாட்டின் விசாவைக் காட்டினால்தான் போர்ச்சுகல் தரும். போர்ச்சுகல் தந்தால்தான் ஸ்பெயின் தரும். போதாததற்குக் கப்பல் டிக்கெட் வேறு. ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. நாலாவது காகிதம் கைக்கு வரும்போது முதல் காகிதம் செத்திருக்கும். வரிசையின் கடைசியில் போய் மறுபடி நிற்க வேண்டும். இப்படி நின்றவர்களின் கதையை ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வரிசையில் நின்றவர்களே படப்பிடிப்புத் தளத்தில் வந்து சேர்ந்ததுதான் இந்தப் படத்தின் விசேஷம். பெயர்ப்பட்டியலில் வரும் 14 நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர்: போகார்ட், பியானோக்காரன் சாமாக நடித்த டூலி வில்சன், பல்கேரிய இளம் மனைவியாக வரும் ஜாய் பேஜ். ஜாய் பேஜ் முதலாளி ஜாக் வார்னரின் மனைவிக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த பெண். பெயர் போடப்படாத சின்ன வேடங்களையும் சேர்த்தால் ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்தவர்களின் கூட்டம் இன்னும் பெருகும்.

நாஜி மேஜர் ஸ்ட்ராஸராக வருபவர் கான்ராட் வைட். ஊமைப்பட காலத்தில் ஜெர்மனியின் பெரிய நட்சத்திரம். மனைவி யூதர் என்பதால் 1933-இல் நாட்டை விட்டு வெளியேறியவர். நாஜியாக நடிக்கச் சொன்னால் நடிப்பேன், ஆனால் அவன் வில்லனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. அவர் துரத்தும் லாஸ்லோவாக நடித்த பால் ஹென்ரீட் ஆஸ்திரியர். யுத்தம் தொடங்கியபோது பிரிட்டனில் இருந்தார், எதிரி நாட்டுக்காரன் என்று முகாமில் அடைபட இருந்தவர். அவருக்காகப் பரிந்து பேசிக் காப்பாற்றியவர் இதே வைட்தான் என்பார்கள். கடையின் தலைமைப் பரிசாரகராகக் கன்னத்தை ஆட்டிக்கொண்டு வரும் ஹங்கேரிக்காரர் சக்காலின் சகோதரிகள் மூவர் பிற்பாடு வதைமுகாம்களில் மாண்டார்கள். சூதாட்ட மேஜையில் தோற்றுக்கொண்டே இருக்கும் பல்கேரிய இளைஞனாக நடித்த ஹெல்முட் டான்டின், ஹிட்லர் வியன்னாவுக்குள் வந்ததும் முகாமில் சில மாதம் அடைபட்டுக் கிடந்தவர்.

இவர்களில் எனக்கு அதிகம் மனதில் நிற்பவர் அந்தச் சூதாட்டச் சக்கரத்தைச் சுற்றும் எமில். நடித்தவர் மார்செல் டாலியோ. பிரான்சில் ழான் ரெனுவாரின் ‘லா கிராண்ட் இல்யூஷன்’, ‘லா ரேக்ள் து ழூ’ இரண்டிலும் முக்கிய வேடம் செய்தவர். யூதர். பாரிஸைப் பிடித்த ஜெர்மானியர் அவருடைய முகத்தையே சுவரொட்டியில் அச்சடித்து, யூதன் எப்படி இருப்பான் என்பதற்கு மாதிரியாக ஒட்டினார்கள். அதற்குள் அவரும் இளம் மனைவி மாடலின் லெபோவும் லிஸ்பன் போய்ச் சேர்ந்திருந்தார்கள். சிலி நாட்டு விசா வாங்கிக் கப்பலேறினார்கள். கப்பல் மெக்சிகோவை அடைந்ததும் விசா போலி என்று தெரிந்தது. கடைசியில் கனடா தந்த தற்காலிக பாஸ்போர்ட்டில் உள்ளே வந்தார்கள். அப்படி வந்தவருக்கு ஹாலிவுட்டில் கிடைத்தது பெயர்கூடப் போடாத வேடம். அவருடைய பெற்றோர் திரும்பிவரவில்லை, முகாமில் இறந்தார்கள். மாடலின் லெபோவும் படத்தில் இருக்கிறார். ரிக் கைவிட்ட இவோன் என்ற பெண்ணாக நடித்தபோது அவருக்கு 19 வயது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே டாலியோ விவாகரத்துக்கு மனுப்போட்டார் என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியதுதான். அகதி வாழ்க்கை எல்லோரையும் நெருக்கமாக்கிவிடுவதில்லை.

 

படத்தில் எல்லோரும் பேசும் அந்தக் காட்சிக்கு வருவோம். ஜெர்மன் அதிகாரிகள் பியானோவைச் சுற்றி நின்று தங்கள் தேசபக்திப் பாட்டை உரக்கப் பாடுகிறார்கள். முதலில் நாஜிக் கட்சிப் பாட்டையே வைக்கலாம் என்றுதான் யோசித்தார்கள். அதன் உரிமை ஜெர்மன் பதிப்பகத்திடம் இருந்தது, நடுநிலை நாடுகளில் படம் ஓடும்போது வழக்கு வரலாம் என்று பயந்து பழைய பாட்டொன்றுக்கு மாறினார்கள். எதிரியோடு யுத்தம் நடக்கிறது, அவன் பாட்டுக்குக் காப்புரிமைச் சிக்கல்! மாடியில் ரிக்கோடு பேசிக்கொண்டிருந்த லாஸ்லோ இறங்கி வந்து, நேராக வாத்தியக்காரர்களிடம் போய், ‘லா மார்செயேஸ்’ வாசிக்கச் சொல்கிறான். அவர்கள் முதலாளியைப் பார்க்கிறார்கள். ரிக் லேசாகத் தலையசைக்கிறான், கவனிக்காவிட்டால் தவறிப்போகும் அளவுக்கு. வாத்தியம் எழும்புகிறது. முதலில் லாஸ்லோவின் குரல் மட்டும். பிறகு கிதாரோடு பாடும் பெண், பிறகு ஒவ்வொரு மேஜையாக எழுந்து நிற்கிறது. ஜெர்மானியர் கொஞ்சநேரம் ஈடுகொடுத்துப் பார்த்து, அமிழ்ந்துபோய், உட்கார்ந்துவிடுகிறார்கள். அன்றைக்கு ஒரு ஜெர்மன் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்த இவோன் கண்ணீர் வழியப் பாடுகிறாள். கேமரா அவள் முகத்துக்கு வருகிறது.

கடையின் வாசல்காவலாளாக நடித்த டான் சீமோர் அந்த நாளைப் பற்றிப் பின்னாளில் சொன்னார்: நிமிர்ந்து பார்த்தால் துணைநடிகர்களில் பாதிப்பேர் அழுதுகொண்டிருந்தார்கள், அப்போதுதான் அவர்கள் எல்லோரும் நிஜமான அகதிகள் என்பது அவருக்கு உறைத்ததாம். கிளிசரினுக்குத் தேவை இருந்திருக்காது. டாலியோவுக்கு இது இரண்டாவது முறையும்கூட. 1937-இன் ‘லா கிராண்ட் இல்யூஷன்’ படத்திலும், சிறைமுகாமில் பிரெஞ்சுக் கைதிகள் ஜெர்மன் காவலர்கள் முன்னால் இதே கீதத்தை எழுந்து நின்று பாடுவார்கள். அந்தப் படத்திலும் கைதிகளில் ஒருவர் இவர்தான். அப்போது பாரிஸ் பாரிஸாக இருந்தது.

காட்சி முடிந்ததும் கடையை மூடச்சொல்லி உத்தரவு வருகிறது. காரணம் என்ன என்று ரிக் கேட்க, போலீஸ் தலைவர் ரெனோ இங்கே சூதாட்டம் நடப்பது கண்டு தாம் அதிர்ந்துபோனதாகச் சொல்கிறார். சொல்லி வாய்மூடுவதற்குள் அவர் சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தை ஒருவர் பவ்யமாகக் கொண்டுவந்து நீட்டுகிறார். நீட்டுபவர் டாலியோ. அரை நிமிஷம் வரும் வேடம். அதிகாரத்தின் பாசாங்கை இவ்வளவு சுருக்கமாகத் தோலுரித்த இன்னொரு காட்சியை நான் சினிமாவில் பார்த்ததில்லை.

படப்பிடிப்பு 1942 மே 25-இல் தொடங்கி ஆகஸ்ட் 3-இல் முடிந்தது. அந்தக் கோடையின் செய்தித்தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜூன் 21-இல் வட ஆப்பிரிக்காவின் டோப்ருக் கோட்டை ஜெர்மன் தளபதி ரோம்மலிடம் விழுந்தது. ஜெர்மன் படை எகிப்தின் வாசல்வரை வந்துவிட்டது. ரஷ்யாவில் வோல்கா நதியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் பிரெஞ்சு போலீஸே வீடுவீடாகப் போய் 13,000-க்கு மேற்பட்ட யூதர்களைப் பிடித்தது. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக. கலிஃபோர்னியாவில் செட் போட்ட கடைக்குள் பிரெஞ்சு போலீஸ் சீருடையில் ஒரு நடிகர் ஜோக் அடித்துக்கொண்டிருந்த அதே வாரம்.

யுத்தத்தின் முடிவு யாருக்கும் தெரியாது. படத்தின் முடிவும் அப்படித்தான். ஜூலியஸ், ஃபிலிப் எப்ஸ்டைன் என்ற இரட்டைச் சகோதரர்கள் ஒரு பக்கம் எழுதினார்கள், ஹோவர்ட் கோச் இன்னொரு பக்கம். பெயர் போடாமல் கேஸி ராபின்சன் என்பவரும் கைவைத்தார். முழு ஸ்கிரிப்ட் இல்லாமலேயே கேமரா ஓடியது. பக்கங்கள் அன்றன்றைக்கு வரும். இரண்டு ஆண்களில் நான் யாரைக் காதலிக்கிறேன் என்று இங்ரிட் பெர்க்மன் இயக்குநர் மைக்கேல் கர்டிஸிடம் கேட்டார். இன்னும் தெரியாது, இருவருக்கும் நடுவில் நடித்துக்கொண்டிரு என்று பதில் வந்தது. கட்டிய கணவனை விட்டுக் காதலனோடு போவதை அன்றைய தணிக்கை விதி அனுமதிக்காது, அதனால் அவள் கணவனோடுதான் போக வேண்டும் என்பது ஓரளவு தீர்ந்த விஷயம். அவளை நம்பும்படியாக விமானத்தில் ஏற்றுவது எப்படி, மேஜரைச் சுட்ட ரிக் தப்புவது எப்படி என்பதுதான் பிடிபடவில்லை. எப்ஸ்டைன் சகோதரர்கள் காரில் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்து ஒரே நேரத்தில் அந்த வரியைச் சொன்னார்களாம். கொலையைக் கண்ணால் பார்த்த ரெனோ, ரிக்கைக் கைகாட்டாமல், வழக்கமான சந்தேக நபர்களைப் பிடித்துவரச் சொல்லித் தன் ஆட்களை அனுப்பிவிடுகிறார்.

யுத்தகாலக் கட்டுப்பாட்டால் செட் போடப் பணம் இல்லை, மரம் இல்லை. பாரிஸ் ரயில்நிலையம் இன்னொரு படத்துக்குப் போட்டது. கடைசிக் காட்சி விமானநிலையத்தில் எடுத்ததல்ல, ஸ்டூடியோவுக்குள் எடுத்தது. பின்னால் நிற்கும் விமானம் அளவில் சிறிய ஒட்டுப்பலகை பொம்மை. அது பெரிதாகத் தெரிவதற்காகக் குள்ளமான ஆட்களை மெக்கானிக் வேஷத்தில் சுற்றி நிறுத்தினார்கள். மிச்சக் குறையையெல்லாம் செயற்கைப் பனிமூட்டம் மூடியது. சினிமா வரலாற்றிலேயே புகழ்பெற்ற அந்தப் பனி, பற்றாக்குறையின் உபயம்.

அதற்குப்பிறகு அதிர்ஷ்டம் அடித்தது. படம் தயாராகி இருந்தபோது, 1942 நவம்பர் 8-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின, காசாபிளாங்கா உட்பட. இதைவிட விளம்பரம் வேறென்ன வேண்டும்? உடனே ஸ்டூடியோவில் ஒரு யோசனை: ரிக்கும் ரெனோவும் கப்பலில் படையோடு வந்து இறங்குவதுபோல ஒரு காட்சி சேர்த்துவிடலாமே. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் படத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றையும் தொடாதே, இப்படியே வெளியிடு என்றார். அந்தப் புண்ணியவானுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். கப்பலும் கொடியும் வந்திருந்தால் 1943-இல் இன்னும் பலமாகக் கைதட்டியிருப்பார்கள், 1957-இல் பிராட்டிலில் சீட்டு காலியாக இருந்திருக்கும். இப்போது இருக்கும் முடிவில் ஜெயித்தவர் யாருமில்லை. இரண்டு பேர் பனிக்குள் நடந்துபோகிறார்கள். என்ன நடக்கும் என்று தெரியாமலே ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள், அவ்வளவே. அவரவர் காலத்தில் மாட்டிக்கொண்டு விழிக்கும் மனிதனுக்கு வேண்டியது இது. நாளைக்கு ஜெயிப்பாய் என்ற ஜோசியம் அவனுக்கு எதற்கு?

நவம்பர் 26-இல் நியூயார்க்கில் முதல் காட்சி. நாடெங்கும் வெளியான 1943 ஜனவரி 23-இல் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் காசாபிளாங்காவிலேயே மாநாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அந்த ஊரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் படம் போகவில்லை. விஷி ஆதரவாளர்களின் மனம் புண்படும் என்று யுத்தத் தகவல் துறையே வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தது. நேற்றுவரை விஷியின் அதிகாரிகளாக இருந்தவர்களை வைத்துத்தான் அமெரிக்கா அங்கே நிர்வாகம் நடத்திக்கொண்டிருந்தது. நிஜ ரெனோக்களுக்கு என்ன பதவி கிடைத்தது என்று பாருங்கள்.

படம் மூன்று ஆஸ்கார் வாங்கியது. எடுத்தவர்களின் கதை அதற்கப்புறம் வேறு மாதிரி போனது. 1947-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடப் புறப்பட்டது. முதலாளி ஜாக் வார்னர் அங்கே போய்த் தன் சொந்த எழுத்தாளர்களின் பெயர்களை அடுக்கினார். அதில் கோச்சும் எப்ஸ்டைன் சகோதரர்களும் உண்டு. கோச்சின்மீது இருந்த பெரிய குற்றச்சாட்டு, யுத்தத்தின்போது சோவியத் நாட்டைப் புகழும் ‘மிஷன் டு மாஸ்கோ’ படத்தை எழுதினார் என்பது. எழுதச் சொன்னதே வார்னர் ஸ்டூடியோதான். கோச் கறுப்புப் பட்டியலில் விழுந்து, பிழைப்புத் தேடி இங்கிலாந்து போனார். எப்ஸ்டைன்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்து, நாசவேலை அமைப்பு எதிலாவது உறுப்பினராக இருந்ததுண்டா என்று கேட்டபோது, உண்டு என்று எழுதி, அமைப்பின் பெயர் என்ற இடத்தில் வார்னர் பிரதர்ஸ் என்று எழுதிக்கொடுத்தார்கள். இந்த ஒன்றுக்காகவே அவர்களுக்கு இன்னொரு ஆஸ்கார் தந்திருக்கலாம்.

போகார்ட்? அவரும் மனைவி லாரன் பகாலும், ஹென்ரீட்டும், இன்னும் பல நட்சத்திரங்களும் விசாரணையைக் கண்டித்து விமானம் ஏறி வாஷிங்டன் போனார்கள். பத்திரிகைகள் பாய்ந்தன, ஸ்டூடியோக்கள் நெருக்கின. அடுத்த வருஷம் போகார்ட் ஒரு சினிமாப் பத்திரிகையில், தான் கம்யூனிஸ்ட் இல்லை என்றும், வாஷிங்டன் பயணம் விவரம் புரியாமல் செய்த காரியம் என்றும் சொல்லும் கட்டுரையை வெளியிட்டார். ரிக் செய்ததை நடித்தவரால் செய்ய முடியவில்லை. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பிழைப்பு போய்விடும் என்று ஒருவன் எதிரில் உட்கார்ந்து சொல்லும்போது வீரம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது அப்படி உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். பிராட்டிலில் கைதட்டிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பின்கதை தெரிந்திருந்ததோ. அறுபதுகளில் அதே தியேட்டருக்கு வியட்நாமுக்கு ஆள்பிடிக்கும் பட்டியலில் பெயர் இருந்த அடுத்த தலைமுறை வந்தது. வழக்கம் ஊர் ஊராகப் பரவியது.

எல்லா ஊரும் இந்த ஆறுதலை அப்படியே ஏற்கவில்லை. நடுநிலை நாடான அயர்லாந்து 1943-இல் படத்தைத் தடைசெய்து, யுத்தம் ஓய்ந்தபிறகே அனுமதித்தது. மேற்கு ஜெர்மனியில் 1952-இல் வெளியானபோது ஏறக்குறைய 25 நிமிஷத்தை வெட்டியெறிந்தார்கள். மேஜர் ஸ்ட்ராஸர் காணாமல் போனார், நாஜிகள் மொத்தமாகக் காணாமல் போனார்கள். லாஸ்லோ ஒரு நார்வே நாட்டு அணு விஞ்ஞானியானான். ‘லா மார்செயேஸ்’ எங்கே என்று கேட்காதீர்கள். முழுப்படத்தை ஜெர்மானியர் தங்கள் தொலைக்காட்சியில் பார்க்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எனக்கே உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. மொராக்கோவில் நடக்கும் இந்தக் கதையில் மொராக்கோக்காரன் என்று பெயர் சொல்லும்படி ஒருவன் இல்லை. தெருவில் சாமான் விற்கிறான், கதவு திறந்துவிடுகிறான், அவ்வளவுதான். வாசல்காவலாள் அப்துலாக நடித்த டான் சீமோர்கூட சிகாகோக்காரர். கண்ணீரோடு எல்லோரும் பாடும் அந்தச் சுதந்திர கீதம், கடைக்கு வெளியே நடமாடும் ஜனங்களுக்கு அவர்களை ஆளும் பிரெஞ்சுக்காரனின் பாட்டு. படம் நாடெங்கும் வெளியாகி ஓராண்டுக்குள், 1944 ஜனவரி 11-இல், மொராக்கோவின் தேசியவாதிகள் விடுதலை கேட்டு அறிக்கை வெளியிட்டார்கள். பிரான்ஸ் அவர்களைச் சிறைக்கு அனுப்பியது. 1956-இல்தான் நாடு விடுதலை பெற்றது. அகதிகளின் துயரத்தை இவ்வளவு நெருங்கிப் பார்த்த கேமராவுக்கு, அந்த ஊர்க்காரர்களின் முகத்தில் ஃபோகஸ் கிடைக்கவில்லை.

நிஜமான காசாபிளாங்காவில் ரிக்கின் கடை என்று ஒன்று இருந்ததே இல்லை. முழுக்க கலிஃபோர்னியாவில் எழுந்த செட். படம் பார்த்துவிட்டு ஊருக்கு வந்த பயணிகள் கடையைத் தேடி அலைந்து ஏமாந்து திரும்பினார்கள். 2001 செப்டம்பர் 11-இல் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தபோது, கேத்தி கிரிகர் என்ற பெண்மணி மொராக்கோவில் அமெரிக்கத் தூதரகத்தின் வணிக அதிகாரியாக இருந்தார். அரபுப் பெயர் வைத்திருப்பவனெல்லாம் தன் நாட்டில் குற்றவாளியாகப் பார்க்கப்பட்ட அந்த நாட்களில் அவர் வேலையை விட்டார். ஊர் திரும்பவில்லை. காசாபிளாங்காவின் பழைய நகர்ப் பகுதியில் ஒரு பழைய மாளிகையை வாங்கிச் செப்பனிட்டு, வளைவுகளும் விளக்குகளும் பியானோவுமாக 2004-இல் ரிக்ஸ் கஃபேயைத் திறந்தார். பரிமாறுவோர் உள்ளூர்க்காரர்கள். முதல் போட்ட நண்பர்களைச் சேர்த்து நடத்திய கம்பெனிக்கு அவர் வைத்த பெயர், எப்ஸ்டைன் சகோதரர்கள் காரில் போகும்போது கண்டுபிடித்த அதே வரியிலிருந்து எடுத்தது: ‘வழக்கமான சந்தேக நபர்கள்’.